மகிமை ஆண்டவருக்கே: அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வாழ்க்கை

தாழ்மை என்னும் சொல்லை நம் மக்கள் இருவேறு இடங்களில் கேட்டு வளர்ந்தனர். ஞாயிறுதோறும் ஆலயத்தில் போதகரின் அருளுரையில் கேட்டனர். மற்ற ஆறு நாளும் ஊர்த்தெருவில், மேல்துண்டைக் கக்கத்தில் இடுக்கி நின்ற வேளையில், வேறொரு பொருளில் கேட்டனர். முன்னது கிறிஸ்தவப் பண்பு. பின்னது மனிதர் மனிதர்மேல் சுமத்திய கொடுமை. இவ்விரண்டும் ஒன்றே என நம்மில் சிலர் மயங்கியதும் உண்டு. நம்மை அடக்கி வைத்தோர் அம்மயக்கத்தை வளர்த்துவிட்டதும் உண்டு. கல்வி பெற்ற தலைமுறை ஒன்று நம்மிடையே எழுந்துள்ள இந்நாளில், இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிவது இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.

அவ்வேறுபாட்டை நூலறிவால் விளக்குவதினும் ஒரு மனிதரின் வாழ்வால் விளக்குவதே எளிது. ஆதலின் நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கென அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வரலாற்றைத் தேர்ந்துகொண்டோம். அமெரிக்க நாட்டார் ஒருவரின் வரலாறு நமக்கு எற்றுக்கு என வினவுவோர் இருக்கலாம். அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்த நன்மக்களுக்கே மகாத்மா ஜோதிராவ் பூலே 1873ஆம் ஆண்டில் தம் குலாம்கிரி என்னும் நூலைக் காணிக்கையாக்கினார். அந்நாள் தொட்டே அவர்கள் வரலாறு நமக்கு அயலன்று.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசௌரி மாநிலத்தில் டயமண்டு குரோவ் என்னும் சிற்றூரின் அருகே மோசஸ் கார்வர் என்னும் வெள்ளையர் ஒருவர் பண்ணை வைத்திருந்தார். 1855ஆம் ஆண்டில் அவர் மேரி என்னும் கறுப்பினச் சிறுமியை 700 டாலர் விலை கொடுத்து வாங்கினார். அம்மேரியின் வயிற்றில் 1864ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவரே நம் கார்வர். பிறந்த நாளோ ஆண்டோ திட்டமாகப் பதியப்படவில்லை. அடிமைக் குழந்தையின் பிறப்பைப் பதிந்து வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. தந்தை அண்டைப் பண்ணையில் அடிமையாய் இருந்தவர். மரம் ஏற்றிச் சென்றபோது நேர்ந்த விபத்தில் மாண்டார்.

அது உள்நாட்டுப் போர் நடந்த காலம். கொள்ளைக் கூட்டத்தார் இரவில் பண்ணைக்குள் புகுந்து, தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றனர். மோசஸ் கார்வர் ஆளனுப்பித் தேடினார். குழந்தை மட்டுமே மீண்டது. மீட்டு வந்தவருக்குக் குதிரை ஒன்று கைம்மாறாகத் தரப்பட்டது. தாயின் முகத்தைக் கார்வர் மீண்டும் காணவேயில்லை. 700 டாலருக்கு வாங்கப்பட்ட தாய், ஒரு குதிரைக்கு மீட்கப்பட்ட மகன். மனிதச் சந்தை இவ்விருவருக்கும் இட்ட மதிப்பு இவ்வளவே.

1865ஆம் ஆண்டில் மிசௌரியில் அடிமை முறை ஒழிந்தது. பிள்ளையில்லாத மோசஸ், சூசன் இணையர் ஜார்ஜையும் அவர்தம் அண்ணன் ஜிம்மையும் தம் வீட்டிலேயே வளர்த்தனர். ஜார்ஜ் நோயுற்று மெலிந்த பிள்ளை. வயல் வேலைக்கு உடல் இடங்கொடாமையால் சமைத்தல், துணி வெளுத்தல், தைத்தல், பின்னல் வேலை ஆகியவற்றைக் கற்றார். எஞ்சிய பொழுதெல்லாம் காட்டில் கழிந்தது. செடிகளைப் பெயர்த்து வந்து மறைவான ஓரிடத்தில் நட்டுப் பேணினார். வாடிய செடியைத் தேற்றும் கைவண்ணம் கண்ட அண்டை வீட்டார் அவரைச் செடி மருத்துவர் என்று அழைக்கலாயினர். படைத்தவரை அவர் முதன்முதல் அறிந்துகொண்டது அக்காட்டிலேதான்.

கல்வியைத் தேடி

உள்ளூர்ப் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஞாயிறன்று ஆராதனை நடந்த கட்டடத்திலேயே வார நாள்களில் பள்ளியும் நடந்தது. அக்கட்டடத்தின் பள்ளிக் கதவு மட்டும் அவருக்கு அடைபட்டிருந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில், கறுப்பினப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி இருந்த நியோஷோ நகருக்கு அவர் தனியே நடந்து சென்றார்.

அங்கே மரியா வாட்கின்ஸ் என்னும் அம்மையார் அவருக்கு வீட்டில் இடமளித்தார். துணி வெளுத்தும் பேறுகாலம் பார்த்தும் பிழைத்த கறுப்பினப் பெண்மணி அவர். பள்ளிக்கு முன்னும் பின்னும் வீட்டு வேலையில் உதவுவது, ஞாயிறு தவறாமல் ஆலயத்திற்குச் செல்வது என்பன அவ்வீட்டின் ஒழுங்குகள். அவ்வம்மையார் தந்த வேதாகமத்தைக் கார்வர் இறுதி நாள் வரை பேணினார். கற்கும் கல்வி அனைத்தையும் தம் மக்களிடமே கொண்டு சென்று சேர்க்க வேண்டும் என்னும் கருத்தையும் அவரே அச்சிறுவன் நெஞ்சில் விதைத்தார் என்பர்.

அதன்பின் கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராய் அலைந்த வாழ்க்கை. சமையல் செய்தும் துணி வெளுத்தும் கூலி ஈட்டிப் பள்ளி சென்றார். 1879 மார்ச்சுத் திங்களில் ஃபோர்ட் ஸ்காட் என்னும் நகரில், சிறையிலிருந்த கறுப்பினத்தவர் ஒருவரை வெறிக்கூட்டம் வெளியே இழுத்து வந்து கொன்று எரித்ததைக் கண்ணாற் கண்டார். அன்றே அந்நகரை நீங்கினார். அக்காட்சி முதுமை வரை அவரை விட்டு அகலவில்லை.

அடைபட்ட கதவு

1885ஆம் ஆண்டில் உயர்நிலைக் கல்வி முடித்த கார்வர், கான்சாஸ் மாநிலத்தின் ஹைலண்டு என்னும் ஊரில் பிரஸ்பிடேரியன் சபையார் நடத்திய கல்லூரிக்கு விண்ணப்பித்தார். தேர்வு பெற்றதாக அஞ்சலில் மறுமொழி வந்தது. உள்ளதை விற்றுப் பயணச் செலவு தேடி அங்குச் சென்று நின்றார். அவருடைய தோலின் நிறத்தைக் கண்டபின் இடமில்லை என்று கைவிரித்தனர். கல்லூரி கிறிஸ்துவின் பெயரால் நடந்தது; கதவைச் சாத்தியவரும் கிறிஸ்தவர்களே.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தாழ்த்தப்பட்ட ஒருவர் நம்பிக்கை இழப்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை. கார்வர் மனம் உடைந்தது உண்மை. கல்லூரிக் கல்வி என்னும் எண்ணத்தையே சில ஆண்டுகள் கைவிட்டார். மேற்குக் கான்சாஸில் அரசு வழங்கிய 160 ஏக்கர் புல்வெளி நிலத்தில் புற்கரணையால் குடிசை கட்டி, 1886 முதல் இரண்டு ஆண்டுக்கு மேல் தனியே உழைத்தார். ஆயினும் கிறிஸ்தவர்கள் செய்த பிழையைக் கிறிஸ்துவின்மேல் அவர் ஏற்றவில்லை. சாத்தப்பட்ட கதவு மனிதருடையது என்பதை அவர் தெளிந்திருந்தார். அத்தெளிவே அவருடைய தாழ்மையின் தொடக்கம் எனலாம். தம்மை இழிந்தவர் எனக் கூறிய மனிதரின் தீர்ப்பை அவர் தேவனின் தீர்ப்பாக ஏற்கவில்லை.

தூரிகையும் செடியும்

பின்னர் அயோவா மாநிலத்தின் விண்டர்செட் நகருக்கு வந்தார். அங்கே ஆலயத்தில் அவர் பாடியதைக் கேட்ட மில்ஹாலண்டு என்னும் வெள்ளையர் குடும்பத்தார் அவரை வீட்டுக்கு அழைத்து நட்புக் கொண்டு, இண்டியானோலாவிலிருந்த சிம்ப்சன் கல்லூரியில் சேருமாறு தூண்டினர். மெதடிஸ்டு சபையாரின் அக்கல்லூரி 1890ஆம் ஆண்டில் அவரைத் தயங்காது சேர்த்துக்கொண்டது. கட்டணம் செலுத்தியபின் கையில் எஞ்சியது பத்து சென்ட். அதற்கு மக்காச்சோள மாவும் மாட்டுக் கொழுப்பும் வாங்கி ஒரு வாரம் உயிர் வாழ்ந்தார்; பின்பு மாணவர்களின் துணிகளை வெளுத்துப் பொருள் ஈட்டினார்.

ஓவியம் கற்கவே அவர் அங்குச் சென்றார். அவர் தீட்டிய மலர் ஓவியம் ஒன்று 1893ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் பாராட்டுப் பெற்றது. எனினும் செடிகளில் அவருக்கிருந்த ஈடுபாட்டைக் கண்ட ஓவிய ஆசிரியை எட்டா பட், ஏம்ஸ் நகரிலிருந்த அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரிக்கு அவரை ஆற்றுப்படுத்தினார். 1891ஆம் ஆண்டில் அங்குச் சேர்ந்த கார்வரே அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர்.

முதல் நாள்களில் மற்ற மாணவரோடு அமர்ந்து உண்ண அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பணியாளரோடு உண்ணுமாறு பணித்தனர். செய்தியறிந்து, இண்டியானோலாவிலிருந்து அவர்பால் அன்பு பூண்ட வெள்ளையர் குலப் பெண்மணி ஒருவர் புறப்பட்டு வந்தார். நல்லாடை உடுத்து அக்கீழ்த்தளத்திற்கே இறங்கிச் சென்று கார்வரோடு அமர்ந்து உண்டார். அதன்பின் கல்லூரியாரின் போக்கு மாறிற்று. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை கண்டவர்களாகிய நமக்கு இந்நிகழ்ச்சியின் பொருளை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் உண்மையை மட்டும் குறிப்பிடுவோம். அன்று தாழ்மை காட்டியவர் கீழ்த்தளத்தில் அமர்த்தப்பட்ட கார்வர் அல்லர். தாமே விரும்பி அங்கு இறங்கிச் சென்ற அப்பெண்மணியே. தள்ளப்படுதல் தாழ்மையன்று; இறங்குதலே தாழ்மை. அடிமையின் வடிவெடுத்துச் சீடரின் கால்களைக் கழுவிய கிறிஸ்து காட்டிய வழியும் அதுவே.

கார்வர் 1894இல் இளநிலைப் பட்டமும் 1896இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். செடிகளைத் தாக்கும் பூஞ்சண நோய்களை ஆராய்ந்து பேர்பெற்றார். அக்கல்லூரியின் முதல் கறுப்பின ஆசிரியராகவும் அமர்ந்தார். பேராசிரியர் ஒருவரின் சிறு மகன் அவரோடு காடு மேடெல்லாம் சுற்றிச் செடிகளின் இயல்பைக் கற்றான். அச்சிறுவனே பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசின் துணைத் தலைவராய் விளங்கிய ஹென்றி வாலஸ்.

டஸ்கிகியின் அழைப்பு

அயோவாவில் கார்வருக்கு மதிப்பும் வளமான எதிர்காலமும் காத்திருந்தன. அந்நிலையில் அலபாமா மாநிலத்திலிருந்து புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பு வந்தது. தாமும் அடிமையாய்ப் பிறந்து கல்வியால் உயர்ந்த அப்பெரியார், கறுப்பின மக்களுக்கென 1881ஆம் ஆண்டில் டஸ்கிகி என்னுமிடத்தில் கல்வி நிலையம் தொடங்கியிருந்தார். கார்வர் அவ்வழைப்பைத் தேவனின் அழைப்பாகவே ஏற்று 1896ஆம் ஆண்டில் அங்குச் சென்றார். ஆண்டுக்கு 1000 டாலரும் உணவும் ஊதியம். அங்கேயே 47 ஆண்டுகள் ஊழியம் செய்து, அங்கேயே கண்மூடினார்.

சென்றபோது ஆய்வுக்கூடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மாணவரை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளில் தேடினார். உடைந்த புட்டிகள், பழைய பீங்கான், கம்பி, தகரம் ஆகியவற்றைத் திரட்டிக் கருவிகள் செய்துகொண்டார். அவ்வாய்வுக்கூடத்தைக் கடவுளின் சிறு பட்டறை என்றே பின்னாளில் அழைத்தார். வைகறை நான்கு மணிக்கு எழுந்து காட்டுக்குள் சென்று, தனிமையில் ஜெபித்துச் செடிகளைத் திரட்டி வருவது அவரது நாள்தவறா வழக்கம். அவருக்குக் காடு ஓர் ஆலயமாகவும் ஆராய்ச்சி ஓர் ஆராதனையாகவும் இருந்தன.

1907ஆம் ஆண்டளவில் மாணவர் சிலர் வேண்டியதற்கிணங்க ஞாயிறு மாலைகளில் வேதாகம வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். வருகை கட்டாயமில்லை, ஆயினும் கூட்டம் பெருகிற்று. படைப்பின் வரலாற்றைச் சொல்லும்போது செடியையும் கல்லையும் மண்ணையும் மேசைமேல் வைத்துக் கற்பித்தார். பல பத்தாண்டுகள் அவ்வகுப்பு நடந்தது.

ஏழை உழவரின் ஆசான்

தென் மாநிலங்களின் கறுப்பின உழவர் பெரும்பாலோர் பிறர் நிலத்தை வாரத்திற்கு உழுதவர்கள். ஆண்டுதோறும் பருத்தி ஒன்றையே பயிரிட்டமையால் மண் சத்திழந்தது. விளைச்சல் குன்றக் கடன் ஏறிற்று. செயற்கை உரம் வாங்க அவர்களிடம் பொருளில்லை. கார்வர் வழங்கிய அறிவுரை அவர்தம் கைக்கெட்டியதாக இருந்தது. காட்டுச் சருகையும் சதுப்பு நில மண்ணையும் மக்கவைத்து உரமாக்கக் கற்பித்தார். தட்டைப்பயறு, நிலக்கடலை போன்ற பயறுவகைகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆதலால் பருத்திக்கு மாற்றாக அவற்றையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பயிரிடச் செய்தார். அவை நிலத்திற்கு உரமும் பிள்ளைகளுக்கு உணவும் ஆயின. உள்ளூர்க் களிமண்ணிலிருந்து வண்ணம் செய்து குடிசைச் சுவர்களுக்குப் பூசக் கற்றுத் தந்தார்.

நிலையத்திற்கு வர இயலாத உழவரை நாடி நிலையமே சென்றது. 1906ஆம் ஆண்டில், நியூயார்க்கைச் சேர்ந்த மாரிஸ் ஜெசப் என்னும் கொடையாளரின் உதவியால் வண்டி ஒன்று அமைக்கப்பட்டது. கருவிகளும் விதைகளும் ஏற்றிய அவ்வண்டி ஊர் ஊராய்ச் சென்று செய்துகாட்டிக் கற்பித்தது. 1898 தொடங்கி ஏறத்தாழ 44 சிறு வெளியீடுகளை எளிய நடையில் அவர் எழுதினார். அவற்றுள் 1916ஆம் ஆண்டில் வெளிவந்தது நிலக்கடலையை உணவாக்கும் 105 வழிகளைக் கூறுவது. பட்டம் பெற்ற அறிஞர் அடுப்படிப் பெண்டிருக்கென உட்கார்ந்து எழுதினார். தாழ்மை என்பது உள்ளத்து உணர்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. கற்றவர் தம் கல்வியைக் கல்லாதவர் வாசலுக்குச் சுமந்து செல்வதே அதன் வெளிப்பாடு.

நாடாளுமன்றக் குழுவின் முன்

1921 சனவரித் திங்களில் நிலக்கடலை இறக்குமதி வரி குறித்துச் சான்று கூற, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் கார்வர் அழைக்கப்பட்டார். ஒதுக்கப்பட்ட நேரம் பத்து நிமிடம். கறுப்பினத்தவரை எள்ளும் வழக்கமான கேலி ஒன்றை உறுப்பினர் ஒருவர் உதிர்த்தார். கார்வர் சினந்து எழவுமில்லை, குழைந்து நகைக்கவுமில்லை. அமைதியாகத் தாம் கொணர்ந்த பெட்டியைத் திறந்து, நிலக்கடலையிலிருந்து செய்த பால், மா, சாயம் முதலிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். பத்து நிமிடம் முடிந்தும் மேலும் பேசுமாறு குழுவினரே வேண்டினர். இறுதியில் அனைவரும் கையொலி எழுப்பினர். 1922ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் நிலக்கடலைக்கும் பாதுகாப்புக் கிட்டிற்று. நாடெங்கும் அவர் பெயர் பரவியது அப்போதுதான். 1923ஆம் ஆண்டில் கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் அவருக்கு ஸ்பிங்கார்ன் பதக்கம் வழங்கிற்று.

நியூயார்க் ஆலயத்தில்

புகழ் வந்தபின்னரே ஒருவரது தாழ்மை சோதிக்கப்படுகிறது. 1924 நவம்பர்த் திங்களில் நியூயார்க் நகரின் மார்பிள் காலேஜியேட் ஆலயத்தில் கூடியிருந்தோர் முன் கார்வர் உரையாற்றினார். தம் கண்டுபிடிப்புகளுக்கு மூலம் தேவனின் வெளிப்படுத்துதலே என்றும், ஆய்வுக்கூடத்திற்குள் தாம் நூல்களைக் கொண்டு செல்வதில்லை என்றும், செய்ய வேண்டுவதும் செய்யும் வழியும் அங்கே தமக்குக் காட்டப்படுகின்றன என்றும் கூறினார்.

இரண்டு நாள் கழித்து அந்நகரின் பெரிய நாளேடு தலையங்கம் தீட்டிற்று. உண்மையான அறிவியலார் இவ்வாறு பேசுவதில்லை என்பது அதன் கண்டனம். அவர் பேச்சு அவருக்கு மட்டுமன்றி, அவர் பணியாற்றும் நிலையத்திற்கும் அவர் இனத்திற்குமே நகைப்பைத் தேடித் தரும் என்றும் எழுதிற்று. வெள்ளையர் ஒருவர் பிழைபடப் பேசினால் அது அவர் ஒருவரின் பிழை. கறுப்பினத்தவர் பேசினால் அது இனத்தின் பிழை. ஒடுக்கப்பட்டோர் எங்கும் சுமக்கும் இரட்டைச் சுமை இது.

கார்வர் மனம் புண்பட்டார். ஆயினும் வாளா இருக்கவில்லை. நாளேட்டிற்கு விரிவாக மறுமொழி எழுதினார். தேவன் அளிக்கும் அகத்தூண்டலும் கற்றுப் பெறும் அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதே அம்மடலின் சாரம். தாம் பயின்ற கல்லூரிகளையும் பெற்ற பட்டங்களையும் கற்ற அறிவியலாரின் பெயர்களையும் வரிசைப்படுத்தினார். அந்நகரின் சந்தையில் குவிந்து கிடந்த சேப்பங்கிழங்கு முதலியவற்றைக் கண்டபோதே, அவற்றிலிருந்து ஆக்கத்தக்க பொருள்கள் பல தம் உள்ளத்தில் தோன்றியதை எடுத்துக்காட்டாகக் கூறினார். அத்தோற்றம் தேவனின் கொடை. அதனைச் செய்துமுடிக்கும் திறன் கல்வியின் பயன் என்பது அவர் கருத்து.

இம்மடலில் நமக்குரிய பாடம் ஒன்று உண்டு. மகிமையைத் தேவனுக்குச் செலுத்துவது என்பது உழைப்பை மறைப்பதன்று, ஆசிரியர்களை மறப்பதுமன்று, பெற்ற பட்டத்தைக் குறித்து நாணுவதும் அன்று. தாலந்தைப் பெற்றவன் அதனைப் பெருக்கிக் கணக்கு ஒப்புவிக்கிறான். ஆயின் முதல் தம்முடையதன்று என்பதை மறவான். ஆலயத்தில் தலை தாழ்த்திய கார்வர் நாளேட்டின் முன் தலை நிமிர்ந்தே நின்றார். தேவனுக்குரிய வணக்கத்தைத் தேவனுக்கே செலுத்தியவர் மனிதருக்கு அதனைச் செலுத்த வேண்டிய கட்டாயம் ஏது?

குறையும் நிறையும்

கார்வரை மாசற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று; அது அவர் போற்றிய உண்மைக்கும் பொருந்தாது. டஸ்கிகிக்கு வந்த புதிதில், மற்ற ஆசிரியர் ஓரறையை இருவராய்ப் பகிர்ந்திருக்கத் தமக்கு மட்டும் இரண்டு அறை கேட்டுச் சக ஆசிரியரின் மனக்கசப்பைத் தேடிக்கொண்டார். கோழிப் பண்ணை நிருவாகத்தில் குறைகள் எழுந்தபோது புண்பட்டார். பதவி விலகப் போவதாகப் பலமுறை புக்கர் வாஷிங்டனுக்கு மடல் எழுதினார். தாழ்மை அவருக்குப் பிறவியிலேயே வாய்த்த இயல்பன்று. நாளும் போராடிப் பெற்ற பேறு. அது நமக்கும் ஆறுதலாகும்.

அவர் பெயரால் வழங்கும் செய்திகளிலும் மிகை உண்டு. நிலக்கடலை வெண்ணெயை அவர் கண்டுபிடித்தார் என்று இன்றும் பலர் நம்புகின்றனர். அஃது அவருக்கு முன்பே இருந்தது. 300 பொருள்கள் என வழங்கும் பட்டியலில் முன்பே அறியப்பட்டவை பல. செய்முறை எழுதி வைக்கப்படாதவையும் பல. வாணிகத்தில் வென்றவை மிகச் சிலவே. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவற்றாலும் பொருள் ஈட்டவில்லை. மனிதர் சூட்டிய மிகையான மகுடத்தைக் கழற்றிய பின்னும் அவரது பெருமை குன்றவில்லை. ஏழை உழவர் வயலிலும் மாணவர் உள்ளத்திலும் அவர் செய்த பணியே அவரது நிலைத்த பெருமை.

இன்னொரு குறை கடுமையானது. இன ஒதுக்கலை எதிர்த்து அவர் வெளிப்படையாகக் குரல் எழுப்பவில்லை என்பர். அது பெரும்பாலும் உண்மையே. அதே காலத்தில் அறிஞர் டு பாய்ஸ் போன்றோர் உரிமைக்காக அஞ்சாது முழங்கினர். 1946ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர் மடல் எழுதித் தொடர்பு கொண்டது இந்த டு பாய்ஸுடன்தான். கார்வரோ வெள்ளை மாணவரின் கல்லூரிகளுக்குச் சென்று பேசி, அவர்தம் உள்ளங்களை அன்பால் மாற்ற முயன்றார். மாறிய உள்ளங்கள் உண்டு. மாறாத சட்டங்களும் இருந்தன. 1939ஆம் ஆண்டில், எழுபது வயது கடந்த அவ்வறிஞருக்கு நியூயார்க்கில் ஒரு பெரிய விடுதி, முன்பதிவு இருந்தும் அறை தர மறுத்தது. பல மணி நேரம் நடைகூடத்திலேயே காத்திருந்தார். அறை பெறாமல் அகலவில்லை.

இதனைக் குறித்து நம் கருத்தைத் தெளிவாகச் சொல்வது கடமை. அநீதியின் முன் அமைதி காப்பது தாழ்மையின் கூறு என நாம் எண்ணவில்லை. வலியவரை இருக்கையினின்று இறக்கி எளியவரை உயர்த்தும் தேவனைப் பாடிய மரியாளும் தாழ்மையுள்ளவரே. ஆதலின் கார்வரின் அமைதியை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அவர் வாழ்ந்த காலத்தையும், இளமையில் கண்ட கொலையின் நினைவையும் எண்ணி, அதனைக் குற்றமாகத் தீர்க்கவும் வேண்டுவதில்லை. அவரிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது வேறு.

இறுதி நாள்கள்

எளிய ஆடை, அதன் பொத்தான் துளையில் அன்றாடம் ஒரு மலர், ஒட்டுப் போட்ட காலணி. முதுமையிலும் இதுவே அவர் கோலம். 1939ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் டஸ்கிகிக்கு வந்தபோது கண்டு கைகுலுக்கியதும் இக்கோலத்திலிருந்த கார்வரையே. மணம் புரியாமல் வாழ்ந்த அவர், வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்த ஏறத்தாழ 60,000 டாலரையும் தம் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நிறுவனத்திற்கே வழங்கினார். பின்வரும் கறுப்பின இளைஞர் தொடர்ந்து ஆராய்வதற்கு அப்பொருள் அடிப்படையாயிற்று.

1943 சனவரி 5ஆம் நாள் கார்வர் இறைவனடி சேர்ந்தார். டஸ்கிகியில் புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டிலேயே அவர் பிறந்த பண்ணையைத் தேசிய நினைவிடமாக்கும் சட்டம் நிறைவேறிற்று. அமெரிக்க நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அமைந்த முதல் தேசிய நினைவிடம் அதுவே. தாய் விலைக்கு வாங்கப்பட்ட மண்ணில் மகனுக்கு நாடே நினைவிடம் எழுப்பிற்று.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்களே, நம் சங்கத்தின் உதவியால் கற்றுப் பட்டம் பெற்றுப் பணியில் அமர்ந்துள்ள இளைஞர்கள் இன்று பலர். அவர்கள்முன் இரண்டு சோதனைகள் உள்ளன. ஒன்று, பட்டமும் பதவியும் தம் திறத்தால் மட்டுமே வந்தன என்று எண்ணித் தாம் பிறந்த தெருவை மறப்பது. மற்றொன்று, பட்டம் பெற்ற பின்னும் அலுவலகத்தில் பிறர் முன் பழைய அச்சத்தோடு குனிந்து நின்று, அதனைத் தாழ்மை என்று தமக்குத் தாமே தேற்றிக்கொள்வது. முதலாவது, தேவனுக்குரிய மகிமையைத் தாம் எடுத்துக்கொள்வது. இரண்டாவது, அதனை மற்ற மனிதருக்குக் கொடுப்பது. இரண்டுமே தேவனுக்குச் சேர வேண்டியதைத் திருடுவதாகும்.

கார்வர் இவ்விரண்டிற்கும் நடுவே வழி கண்டார். மனிதர் தள்ளியபோது தம் மதிப்பைத் தேவனிடம் கேட்டறிந்தார். மனிதர் புகழ்ந்தபோது அப்புகழைத் தேவனிடமே திருப்பியளித்தார். கற்ற கல்வியைத் தம் மக்களின் வயலுக்கும் வாசலுக்கும் கொண்டு சென்றார். ஆராதனையில் முழந்தாளிடும் நம் பிள்ளைகள் ஆலயத்தை விட்டு வெளியேறும்போது நிமிர்ந்து நடக்கட்டும். நிமிர்ந்து நடக்கும் அவர்கள், இன்னும் எழுத்தறியாது பின்தங்கி நிற்கும் தம்பி தங்கையரைக் கண்டால் குனிந்து கைகொடுக்கட்டும். நம் சங்கம் தொடங்கிய பணி அவர்கள் கையால் நிறைவேறுக. அதனால் வரும் மகிமை ஆண்டவருக்கே ஆகுக.